கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை: கொதிக்க வைத்தால் போகுமா?

பாலக்கோடு பக்கத்து வாசகர் கேட்டது, 9 ஜனவரி 2025

தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் கிணறு. குடிக்கவும் அதே தண்ணீர்தான். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு எப்போதாவதுதான் ஏறுகிறது. டிசம்பர் மழைக்கு அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் லேசாக மருந்து வாடை அடிக்கிறது. நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போதுமா?

9 ஜனவரி, இரவு

போதாது அண்ணா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டுக்குப் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டும், மருந்து பாத்திரத்திலேயே தங்கும். இன்றைக்கே பிள்ளைகளுக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். சமையலுக்கும் அந்த வேறு தண்ணீர்தான். துணி துவைக்க, மாட்டுத் தொட்டிக்கு என்பதையெல்லாம் பிறகு பேசலாம்.

10 ஜனவரி

வாடை பற்றி ஒன்று. எண்ணெய்ப் பதமாக வரும் மருந்துகளில் மூக்கைத் துளைக்கும் நெடியில் பெரும்பங்கு, மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானுடையது. அது சீக்கிரம் ஆவியாகிவிடும். மருந்து அப்படிப் போகாது. அதனால் நாலு நாள் கழித்து வாடை நின்றுவிட்டது, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று மறுபடி குடிக்க ஆரம்பிக்காதீர்கள். வாடையே இல்லாத மருந்துகளும் உண்டு.

இன்னொரு கேள்வி. மருந்து எங்கே கலக்குகிறீர்கள்? தெளிப்பானை எங்கே கழுவுகிறீர்கள்?

11 ஜனவரி

அண்ணா பதில் சொல்லியிருக்கிறார்: "கிணற்றடியில்தான், வேறு எங்கே?"

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பத்துத் தோட்டத்துக்குப் போனால் பெரும்பாலும் இதே பதில்தான் வரும். தண்ணீர் இருக்கும் இடம் அது. மோட்டார் அங்கே, நிழல் அங்கே, கை கழுவவும் அங்கே.

வயலில் அடிக்கும் மருந்துதான் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அதுவும் நடக்கிறது. ஆனால் இலையில் விழுந்த மருந்தை வெயில் சிதைக்கிறது, மண்ணில் விழுந்ததை நுண்ணுயிர் தின்கிறது. கிணற்று மேட்டில் கொட்டும் கலக்காத மருந்துக்கு அந்தத் தடை எதுவுமே கிடையாது. கல் இடுக்கு வழியாக நேரே உள்ளே போகிறது. ஐரோப்பாவில் ஆறுகளில் சேரும் மருந்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனவர்களும், மருந்து கலக்கும் இடமும் தெளிப்பான் கழுவும் இடமும்தான் பெரும் பங்கு என்று கண்டார்கள்.

12 ஜனவரி

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, வீட்டுக்கென்று கொஞ்சம் செந்தூரா. பூ வரும் காலத்தில் தத்துப்பூச்சி ஏறும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆட்களை விட்டு மருந்து அடிப்பார். மரத்துக்கு அடிக்க முதுகுத் தெளிப்பான் எட்டாது, பவர் ஸ்பிரேயர்தான். கிணற்று மேட்டில் 200 லிட்டர் நீல டிரம். மோட்டாரிலிருந்து வரும் ஓஸை டிரம்முக்குள் விட்டுவிட்டு, மருந்தையும் ஊற்றிவிட்டு, ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள்.

கரண்ட் நின்றது. நான் பூ பறித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். டிரம்மில் பால் போல இருந்த கலவை மெல்லக் கீழே இறங்குகிறது. முதலில் டிரம்தான் ஒழுகுகிறது என்று சுற்றிப் பார்த்தேன், தரை காய்ந்து கிடந்தது. ஓஸின் வாய் கலவைக்குள் முங்கியிருந்தது. மோட்டார் நின்றதும் குழாயில் இருந்த தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பி இறங்க, டிரம்மில் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஓஸைப் பிடுங்கி வெளியே போட்டேன். அதற்குள் டிரம்மின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது.

அந்தக் கிணற்றிலிருந்துதான் என் மாமியார் அப்போது குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மும்முனை மின்சாரம் நேரம் பார்த்துத்தான் வருகிறது, சொல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எத்தனை கிணற்றில் இது நடக்கும் என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. தடுக்கிற வழி மிகச் சுலபம். ஓஸ் வாய்க்கும் டிரம்மின் நீர்மட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி எப்போதும் இருக்கட்டும், விளிம்புக்கு மேலே கட்டிவிடுங்கள். குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு (நான்-ரிட்டர்ன் வால்வு) போட்டால் இன்னும் நல்லது. அதைவிட நல்லது, வெறும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வயலுக்குக் கொண்டுபோய் அங்கே கலப்பது.

12 ஜனவரி, மதியம்

"ஒரு மூடி மருந்து இவ்வளவு பெரிய கிணற்றில் விழுந்தால் என்ன ஆகிவிடும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 360 மில்லிகிராம் மருந்து. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்த மருந்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதாவது ஒரே ஒரு மில்லியைக் குடிக்கத் தக்க அளவுக்கு நீர்க்கச் செய்ய 3,60,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 89,000 லிட்டர். ஒரு மில்லி விழுந்தாலே வரம்பைப் போல நான்கு மடங்கு. மூடி என்பது ஒரு மில்லி கிடையாது.

குளோர்பைரிபாஸுக்கு வரம்பு 30 மைக்ரோகிராம், அது கொஞ்சம் தாராளம். 20 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 6,700 லிட்டர் போல வேண்டும்.

காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை. தக்காளியும் காய்கறிதான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

13 ஜனவரி

மேலே போட்ட கணக்கைப் பார்த்துப் பயந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள். கிணறு மூடிய தொட்டி கிடையாது. ஊற்று வரும், இறைக்கிறோம், மருந்தும் நாள்பட நாள்படச் சிதையும். மோனோகுரோட்டோபாஸ் போன்றவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ குறையும். வருடக்கணக்கில் அப்படியே கிடப்பவை எண்டோசல்பான் மாதிரி வேறு வகை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுக்க நிறுத்தியது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் அடித்து அங்கே பிள்ளைகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே பாலக்கோட்டு அண்ணாவுக்கு: கிணற்றை முழுக்க இறைத்து விடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ விடாதீர்கள், மீன் செத்துப்போகும். வயலில் பரவலாகப் பாய்ச்சுங்கள். ஊற்று நிறைந்ததும் மறுபடி இறையுங்கள். அதற்கு முன்னால் கிணற்று மேட்டு மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி உள்ளே போகும்.

டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மேட்டில் கிடந்த காலி பாட்டில், சாக்கு, மண் எல்லாம் கிணற்றுக்குள் போயிருக்கும். உங்களுக்கு மழைக்கு அப்புறம் வாடை வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

16 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் பரிசோதனை பற்றித்தான் அத்தனை கேள்வியும்.

ஊராட்சியில் கொடுக்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியில் காரத்தன்மை, கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரின் போன்றவை தெரியும். பூச்சி மருந்து தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கும் சாதாரண ரசாயனச் சோதனையிலும் வராது. "தண்ணீர் நல்லா இருக்கு" என்று தாள் வந்தால் மருந்து இல்லை என்று அர்த்தமாகாது. கொடுக்கும்போதே என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பூச்சி மருந்துக்கு வேறு கருவி வேண்டும், செலவும் அதிகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நஞ்சு எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், ஐஸ் வைத்த பெட்டி, சீக்கிரம் கொண்டுசேர்ப்பது எல்லாம் முக்கியம். எந்தெந்த மருந்து அடிக்கிறீர்கள் என்ற பட்டியலையும் கொடுத்தால்தான் எதைத் தேடுவதென்று அவர்களுக்குத் தெரியும்.

அவ்வளவு செலவு முடியாதவர்கள் நைட்ரேட்டையாவது பாருங்கள். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேலே இருந்தால் யூரியாவோ சாணமோ மேலிருந்து கிணற்றுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். யூரியாவுக்கு வழி இருந்தால் மருந்துக்கும் வழி உண்டு. சோதனைப் பெட்டியிலேயே தெரிந்துவிடும், ஆசிரியர்களோ மகளிர் குழுவினரோ செய்து கொடுப்பார்கள்.

17 ஜனவரி

தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டால் போதும் என்று ஒரு பெரியவர். ஐயா, கலங்கல் தெளியும், உண்மை. முருங்கை விதையும் தெளிய வைக்கும். கரைந்திருக்கும் மருந்தை இரண்டுமே பிடிக்காது. பீங்கான் கேண்டில் வடிகட்டியும் பிடிக்காது. ஊக்குவிக்கப்பட்ட கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) நிறைய மருந்துகளைப் பிடித்து வைக்கும், ஆனால் நிறைந்துபோனால் அதன் பிறகு சும்மா ஓடவிடும். காலத்தில் மாற்ற வேண்டும். அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. ஆர்.ஓ. பெரும்பாலானவற்றை நிறுத்தும், ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளும். கோடையில் மோட்டாரே மண்ணை இழுக்கும் ஊரில் அதை எப்படி மனசோடு ஓட்டுவது?

17 ஜனவரி, இரவு

கேன் தண்ணீர் என்கிறவர்களுக்கு: பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அதுதான் என்று நானும் சொன்னேன். நிரந்தரமாக நம்ப முடியாது. 2003இல் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரைச் சோதித்து, பேர் போன நிறுவனங்களின் தண்ணீரிலேயே லிண்டேனும் குளோர்பைரிபாஸும் கண்டது. அப்புறம்தான் பாட்டில் தண்ணீருக்கு ஒரு மருந்துக்கு 0.1 மைக்ரோகிராம், மொத்தமாக 0.5 என்று கடுமையான வரம்பு வந்தது. அதே நாட்டில் குழாய்க்கும் கிணற்றுக்கும் குளோர்பைரிபாஸ் 30 வரை இருக்கலாம். பாட்டில் வாங்கிக் குடிக்கிறவருக்கு ஒரு நியாயம், குடத்தில் மொண்டு குடிக்கிறவருக்கு ஒரு நியாயம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

20 ஜனவரி

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். இந்த மண்ணில் தண்ணீர்ப் பிரச்சினை மருந்தோடு தொடங்கவில்லை. போர்வெல் ஆழமாகப் போகப் போக புளோரைடு ஏறுகிறது. என் மாமியாருக்கும் அவர் கூடப் பிறந்தவர்களுக்கும் பல்லில் பழுப்புக் கோடு, முழங்கால் மடக்க முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் தொடங்கியபோது எங்கள் தெருவில் குழாயடிக்குக் கோலம் போட்டோம்.

ஆனால் ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள். இதைக் கேட்க வேண்டும். கிராம சபையில் கேட்டேன், பதிலாக ஒரு தலையாட்டல் கிடைத்தது. மறுபடி கேட்பேன். மேலே உள்ள தண்ணீரை நாம் மருந்தால் கெடுத்தால் ஆழத்துக்குப் போகிறோம், ஆழத்தில் புளோரைடு காத்திருக்கிறது. இந்த மாவட்டங்களில் திறந்த கிணற்றைக் காப்பாற்றுவது வேறு ஊர்களை விட ஒரு படி அவசரம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

2 பிப்ரவரி

"பச்சை முக்கோணம் போட்ட மருந்துதான் அடிக்கிறேன், அதனால் தண்ணீருக்கு ஆபத்தில்லை" என்று ராயக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி. டப்பா லேபிளில் இருக்கும் முக்கோணம் சொல்வது குடித்தால், மேலே பட்டால் உடனே எவ்வளவு விஷம் என்பதை. சிவப்பு கடுமை, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. மண்ணுக்குள் இறங்குமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

சோளம், மக்காச்சோளம், கரும்புக்கு அடிக்கும் அட்ரசின் களைக்கொல்லி சிவப்பு கிடையாது, ஆனால் நிலத்தடி நீருக்குள் நன்றாக நகரும், லேசில் சிதையாது. ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியதற்குக் காரணமே நிலத்தடி நீர்தான். இமிடாகுளோபிரிட் தண்ணீரில் கரையும், இறங்கும். குளோர்பைரிபாஸ் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மண் அரித்து ஓடினால்தான் கூடவே ஓடும். மணல் நிலத்தில் ஒரு கதை, செம்மண்ணில் ஒரு கதை, பாறை வெடிப்புள்ள நம் ஊர்க் கிணற்றில் இன்னொரு கதை. வெடிப்பு வழி போகும் தண்ணீர் வடிகட்டப்படுவதே இல்லை.

குருணை மருந்து, அதாவது போரேட், 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் விற்கவே கூடாது. பழைய பை யார் வீட்டு மோட்டார் ரூமிலாவது இருந்தால் தயவுசெய்து கிணற்றுக்குப் பக்கத்தில் புதைக்காதீர்கள், வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி

காலி கேன். மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை மூன்று தடவையும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். மருந்துக்குக் கொடுத்த காசும் வீணாகாது. பிறகு ஆணி அடித்துப் பல இடத்தில் ஓட்டை போடுங்கள். ஓட்டை ஏன் என்றால், நல்ல கெட்டிக் கேனைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிப்போட மனசு வராது. 2013 ஜூலையில் பீகாரில் சாப்ரா பக்கத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. மருந்து இருந்த பழைய கேனில் எண்ணெயை வைத்திருந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

15 பிப்ரவரி

இயற்கைக்கு மாறிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று பலர். மாறுங்கள், நானும் அதைத்தான் விரும்புகிறேன். சித்தேரி மலைக்கு அப்பால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் விவசாயிகள் பலர் மருந்தில்லாமல் சாமையும் கேழ்வரகும் மஞ்சளும் விளைவித்து, தங்கள் சங்கத்தின் மூலமே விற்கிறார்கள். அங்கே மலையடிவாரத்தில் மருத்துவமனை நடத்தும் ரெஜி, லலிதா தம்பதி நோய்க்கு மருந்து கொடுத்ததோடு நிற்காமல் நிலத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் தருமபுரி மாவட்டத்திலேயே நடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஆனால் பாலக்கோட்டுத் தக்காளிக்காரரிடம் நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். 2014இல் ஊசிப்புழு என்ற தக்காளிப் புழு இந்தியாவுக்கு வந்ததிலிருந்து தக்காளிக்கு மருந்துச் செலவு எப்படி ஏறியது என்று அவருக்குத் தெரியும். படிப்படியாகக் குறைக்கலாம். ஓரத்தில் செண்டுமல்லி நடுங்கள், காய்ப்புழு தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து. பொறியில் பூச்சி விழாத வாரத்தில் மருந்து அடிக்காதீர்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு ஐந்து கிலோ இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து 100 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல். வெயில் தாழ்ந்து அடிக்க வேண்டும்.

இயற்கைக் கரைசலையும் கிணற்றடியில் கழுவாதீர்கள். புகையிலைக் கரைசலில் இருக்கும் நிகோட்டின் சாதாரண விஷம் இல்லை.

9 மார்ச்

கிணற்றடியில் கழுவாமல் எங்கே கழுவுவது என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. ஸ்வீடனில் 1990களில் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு குழி. வைக்கோல் இரண்டு பங்கு, கரிமச்சத்துள்ள பீட் மண் ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மேலே புல் வளர விடுவார்கள். அதன் மேல் நின்று மருந்து கலக்குவது, கழுவுவது எல்லாம். வைக்கோலில் வளரும் பூஞ்சணம் மருந்தைத் தின்கிறது.

நாங்கள் பீட்டுக்குப் பதில் மட்கிய எருவைப் போட்டோம். கிணற்றிலிருந்து தள்ளி, மேட்டின் மறுசரிவில், அடியில் களிமண் பூசி. மழைத் தண்ணீர் புரளாமல் சுற்றிலும் வரப்பு. குத்தகைக்காரரின் ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். டிரம்மை அங்கேயே நிரந்தரமாக வைத்து, வெறும் தண்ணீர்க் குழாயையும் அங்கே இழுத்துக் கொடுத்ததும் முணுமுணுப்பு நின்றது. வசதியான இடத்தில்தான் ஆள் வேலை செய்வார்.

10 மார்ச்

மழைநீர் சேமித்துக் குடிக்கலாமா என்று ஓசூரிலிருந்து ஒரு அக்கா. தாராளமாக. புளோரைடு இல்லாத தண்ணீர் அது. ஆனால் மாந்தோப்புக்கோ ரோஜாத் தோட்டத்துக்கோ பக்கத்தில் வீடு என்றால், மருந்துச் சாரல் கூரையில் படிந்திருக்கும். பூக்கால மருந்து முடிந்து வரும் கோடை மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை கூரையைக் கழுவிய பிறகு பிடியுங்கள். ஒவ்வொரு மழைக்கும் முதல் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு திறப்பு வையுங்கள்.

28 ஜூன்

பெங்களூரா விலை இந்த வருடம் விழுந்து கிடக்கிறது. பறிக்கும் கூலிக்கே காணாது என்று மரத்திலேயே விட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் குத்தகைக்காரரிடம் "மருந்தைக் குறை" என்று சொன்னால் கோபம்தான் வரும். குறைத்தால் அவருக்குச் செலவு மிச்சம் என்று பேசிப் பார்த்தேன், தத்துப்பூச்சி பயம் பெரிது. எவ்வளவு அடிப்பது என்பதை விட்டுவிட்டு, எங்கே கலப்பது என்பதை மட்டும் புதிய குத்தகைத் தாளில் எழுதச் சொன்னேன். அதற்கு மறுப்பே வரவில்லை.

29 ஜூன்

என்ன எழுதினேன் என்று கேட்டவர்களுக்கு: கலப்பதும் கழுவுவதும் குழியில் மட்டும். ஓஸ் வாய் டிரம்முக்குள் முங்கக் கூடாது. காலி கேனை அலசி ஓட்டை போட்டு, எண்ணி, போகும்போது திருப்பிக் கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து, எந்த நாள் என்று மோட்டார் ரூம் சுவரில் எழுதிவைக்க வேண்டும். பூக்க வைக்க வேரில் ஊற்றும் பேக்ளோபியூட்ரசால் கிணற்றைச் சுற்றியுள்ள இரண்டு வரிசை மரத்துக்கு வேண்டாம், அது மண்ணில் நெடுநாள் தங்கும்.

பாலக்கோட்டு அண்ணா சோதனைக்கு மாதிரி கொடுத்திருப்பதாகச் சொன்னார். தாள் வந்ததும் எண்களை இங்கே போடுங்கள் அண்ணா, சேர்ந்து பார்ப்போம். குத்தகைத் தாளின் நகல் வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.